கடைசியாகக் குடியிருந்த ஆண்டு

ஓகஸ்ட் 4, ஞாயிறு

நாங்கள் நான்கு பேரும் இருக்கும் கொட்டிலில் குசினிப் பக்கம் கூரை ஒழுகுகிறது. காஸ் அடுப்புக்குப் பின்னால் அடித்திருந்த பிளைவூட் பலகை ஊறி உப்பிவிட்டது. தவமும் நானும் கழற்றினோம். பின்னால் பழைய மரச்சுவர், சுண்ணாம்பு பூசியது. அதில் பென்சிலால் ஏழு வரி. இத்தாலிய மொழி போலிருக்கிறது. வரிக்கு ஒரு பெயர். கீழே 1928.

"எங்கட ரெண்டு பேற்ற வயசையும் கூட்டினாலும் இந்தச் சுவருக்குக் காணாது" என்றான் தவம்.

கழற்றிய பலகையிலும் எழுத்து உண்டு. அது எங்களுடையது. யாருக்கு எந்த நாள் சமையல் என்று மார்க்கரால் எழுதி வைத்தது. றெஜி அதை வெயிலில் சாத்தினான்.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

சுவரைப் படமெடுத்து, கலாரா நகரிலுள்ள இத்தாலியர் மரபுச் சங்கத்துக்கு அனுப்பினேன். காரணம் ஒன்றும் இல்லை.

இங்கே இது குளிர்காலம். காலையில் உறைபனி. பதினொரு மணி வரை விரல் மடங்கவில்லை. தவமும் நானும் நான்கு பெட்டி தோடம்பழம் நிரப்பினோம். ஒரு பெட்டி அரைத் தொன்.

ஓகஸ்ட் 8, வியாழன்

பதில் வந்தது. டனியெலா என்ற பெண், சங்கத்தின் ஆவணங்களைப் பார்ப்பவள். சுவரில் இருப்பது சமையல் முறைப் பட்டியலாம். திங்கள் பேப்பி, செவ்வாய் டோனி, புதன் ஜிஜோ. ஜிஜோவின் பெயருக்குப் பக்கத்தில் வேறொருவன் கையெழுத்தில், "இவன் வேண்டாம், அடிப்பிடிக்க விடுவான்" என்று இருக்கிறதாம்.

முடிவில், "உங்களுக்கு நல்ல கண்" என்று எழுதியிருந்தாள்.

பதிலை மூன்று தரம் வாசித்தேன், மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க. எனக்கு இத்தாலிய மொழி தெரியாது.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

டனியெலா வந்தாள். இந்த ஆரஞ்சுத் தோட்டத்தின் சொந்தக்காரன் ரொப் சனாட்டாவும் கூட வந்தான். அவள் வெள்ளைத் துணிக் கையுறை போட்டுக்கொண்டு சுவரைத் தொட்டாள். போன ஞாயிறு வரை அந்தச் சுவருக்கு ஒரு முழம் முன்னால்தான் றெஜி மீன் பொரித்தான்.

பட்டியலில் முதல் பெயராக இருக்கும் பேப்பி, ரொப்பின் பாட்டன். 1926இல் கப்பலில் வந்து, அப்போது வேறு யாருக்கோ சொந்தமாயிருந்த இந்தத் தோட்டத்தில் பழம் பிடுங்கி, இந்தக் கொட்டிலில் பத்துப் பேரோடு படுத்து, ஒன்பதாம் வருடம் நிலம் வாங்கியவர். ரொப் சுவருக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை.

"நாங்களும் ஒன்றுமில்லாமல்தான் வந்தோம், கஜீ" என்றான்.

ஓம் என்றேன். நான் இந்த நாட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடம். வந்தது வள்ளத்தில், பதினாறு வயதில். பள்ளிக்கூடம் முடித்தேன். கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்தது, விசா விடவில்லை. விசா ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீளும், அல்லது நீளாது. ஒன்பதாம் வருடத்தில் நான் நிலம் வாங்கவில்லை. இதே தோட்டத்தில் ஏணி மாற்றினேன்.

நாங்கள் நான்கு பேர் இங்கே ஆறு வருடமாக இருக்கிறோம். யோகண்ணைக்கு ஐம்பத்தொன்று, முல்லைத்தீவு, கடற்தொழில். றெஜி மன்னார். தவம் கிளிநொச்சி. தகரக் கூரை, நான்கு கட்டில், வெளியே ஒரு குழாய். ரொப்பின் கடதாசிகளில் இது உபகரணக் கொட்டில். கடதாசியின்படி நாங்கள் மண்வெட்டிகள்.

அவர்கள் போனபிறகு றெஜி கேட்டான். "இவளுக்கு ஆர் சொன்னது?"

"ரொப் சொல்லியிருப்பான்" என்றேன்.

"ரொப் எந்த நாள் குசினிக்குள்ள காலடி வைச்சவன்?"

"சட்டியை இறக்கு, கருகுது" என்றார் யோகண்ணை. "நீயும் ஒரு ஜிஜோதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

டனியெலா ஞாயிறுகளில் வந்து உதவச் சொன்னாள். சங்கத்தின் அறையில் பழைய படங்களை ஸ்கான் செய்யும் வேலை. போனேன்.

அங்கே எல்லாம் இருக்கிறது. அக்கோர்டியன், கல்யாண உடுப்பு, இறைச்சி அரைக்கும் இயந்திரம், அட்டைப்பெட்டி போன்ற பயணப் பெட்டிகள் நாற்பது. "பெட்டிகள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுபோய் இறக்கிய இடம்தான் எங்களிடம் இல்லாமல் இருந்தது" என்றாள். இப்போது இருக்கிறது. கொட்டிலை நகரசபையின் மரபுப் பட்டியலில் சேர்த்து, நவம்பரில் திறக்கப் போகிறார்கள்.

ஒரு படத்தில் முள்ளுக்கம்பி. 1940இல் யுத்தம் வந்ததும் இங்கிருந்த இத்தாலியர்களை எதிரிகள் என்று பிடித்து முகாமில் போட்டார்கள். பேப்பியையும் போட்டார்கள். மூன்று வருடம். டனியெலா படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"குற்றமே செய்யாமல் அடைபட்டிருப்பது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க முடிகிறதா?"

"கொஞ்சம்" என்றேன். வள்ளத்தால் இறங்கியதும் என்னைப் பதினாலு மாதம் அடைத்து வைத்ததைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அடுத்த படத்தை வைத்தேன்.

நல்ல ஸ்கானர். மேசையில் எனக்கென்று ஒரு விளக்கு போட்டுத் தந்திருக்கிறாள்.

ஓகஸ்ட் 24, சனி

ரொப் வந்து சொன்னான். திறப்பு விழாவுக்கு முன்னர் கொட்டில் காலியாக வேண்டும். பழம் முடியும்வரை, ஒக்டோபர் நடுப்பகுதி வரை இருக்கலாம். அதற்குப் பிறகு?

"பார்ப்போம்."

மத்தியானம் எல்லோரும் நகருக்குப் போய் இடம் தேடினோம். முதல் வீட்டுத் தரகு அலுவலகத்தில் விசாக் கடதாசியைக் கேட்டார்கள். ஆறு மாதம் என்பதைப் பார்த்ததும் பெண் மிக அன்பாகச் சிரித்தாள். இரண்டாவதிலும் அதே சிரிப்பு. கரவான் பார்க்கில் சிரிப்பும் இல்லை. அங்கே வருடம் முழுக்க ஆட்கள் நிரம்பியிருக்கிறார்கள்.

யோகண்ணை எந்த அலுவலகத்துக்குள்ளும் வரவில்லை. பெயர் பதிய வேண்டியிருக்கும் என்று வெளியிலேயே நின்றார். கைபேசிகூட றெஜியின் பெயரில்தான் வைத்திருக்கிறார். யுத்தம் முடிந்த 2009 மே மாதம் அவருடைய தம்பி இராணுவத்திடம் பெயரைப் பதிந்துவிட்டு ஒரு பஸ்ஸில் ஏறினவர். அதற்குப் பிறகு அந்தப் பெயர் மட்டும்தான் எங்கோ ஒரு கொப்பியில் இருக்கிறது.

திரும்பி வரும்போது தவம் சொன்னான். "இந்தக் கொட்டிலை ஆறு வருசமா எவ்வளவு திட்டியிருப்பம். இப்ப கொட்டில் எங்களைத் திட்டுது."

செப்டெம்பர் 1, ஞாயிறு

நகரசபைக்குப் போகும் படிவத்தை டனியெலா என்னிடம் காட்டினாள், இங்கிலிஷ் சரி பார்க்க. ஒரு கேள்வி: கடைசியாகக் குடியிருந்த ஆண்டு. 1961 என்று எழுதியிருந்தாள்.

"நாங்கள் இருக்கிறோம்" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தாள். "தெரியும். அதை எழுதினால் கட்டடப் பிரிவு வரும். ஆட்கள் படுக்கத் தகுதியில்லாத இடம் என்று அன்றைக்கே மூடுவார்கள். உங்களைக் காப்பாற்றத்தான் நான் எழுதாமல் இருக்கிறேன்."

"ரொப்பை இல்லையா?"

"ரொப்பையும்தான்." பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டு, "சங்கத்துக்கு அதிகம் தருவது அவர்களுடைய குடும்பம், கஜீ" என்றாள்.

அவள் பொய்க்காரி இல்லை. அதுதான் எரிச்சல்.

செப்டெம்பர் 5, வியாழன்

நகரசபையின் மரபு வழிகாட்டியை இறக்கி வாசித்தேன். அறுபத்திரண்டு பக்கம். முப்பத்தெட்டாம் பக்கம் சொல்கிறது: கட்டியபோது எதற்குப் பயன்பட்டதோ அதற்கே இன்றும் பயன்படும் இடத்தின் மதிப்பு அதிகம். அப்படிப்பட்ட இடத்தைத் திருத்த உதவி கேட்கலாம்.

பழம் பிடுங்குகிறவர்கள் படுக்கக் கட்டிய கொட்டில். பழம் பிடுங்குகிறவர்கள் படுத்திருக்கிறார்கள். இதைவிட என்ன வேண்டும்?

இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. இன்று என் சமையல். பருப்பு, கீரை.

செப்டெம்பர் 8, ஞாயிறு

ஒரு பக்கம் எழுதினேன். 1926 முதல் 1961, 2018 முதல் இன்றுவரை. மேலே சுவரிலுள்ள ஏழு பெயர்கள். கீழே எங்கள் நான்கு பெயர்கள், முழுதாக, பிறந்த ஊரோடு. சங்கத்தின் மேசையில் தட்டச்சு செய்து அச்செடுத்தேன். பார்க்க நன்றாக இருந்தது.

செப்டெம்பர் 11, புதன்

நாளை நகரசபை ஆள் வருகிறான். இன்று கொட்டிலைக் காலியாக்கினோம். கட்டில், மெத்தை, சட்டி, அரிசிப் பை, சாமிப் படம், மாதாப் படம் எல்லாம் உழவு இயந்திரக் கொட்டகைக்குப் போய்விட்டன. சமையல் பட்டியல் எழுதிய பலகையையும் கொண்டுபோகச் சொன்னான் ரொப். பிறகு, இடம் அதிகம் சுத்தமாக இருக்கிறது என்றான். அறுபது வருடம் ஆள் புழங்காத இடம் இப்படியா இருக்கும்?

ஆகவே பாதையிலிருந்து புழுதி அள்ளி வந்து நிலத்தில் தூவினோம். சாளரத்திலும் பூசினோம். ஆறு வருடம் கூட்டிய நிலம். யோகண்ணை சாக்கால் தட்டித் தட்டிப் பரப்பினார், விதை விதைப்பவர் மாதிரி.

"சிலந்தி வலை வேணுமாம்" என்றான் றெஜி.

"நாலு சிலந்தியைக் கூலிக்குப் பிடிப்பம்" என்றான் தவம். "அதுகளுக்கு விசாவும் தேவையில்லை, படுக்க இடமும் தேவையில்லை."

ரொப் பியர் வாங்கி வந்து தந்தான். நல்ல மனிதன் என்றுதான் சொல்ல வேண்டும். நாங்கள் குடித்தோம்.

செப்டெம்பர் 12, வியாழன்

மற்ற மூன்று பேரும் தூரத்து வரிசையில் பழம் பிடுங்கினார்கள். என்னை மட்டும் ரொப் வரச் சொன்னான், சாமான் தூக்க ஒரு கை வேண்டும் என்று. என் சட்டைப் பையில் நான் அச்செடுத்த அந்தத் தாள் இருந்தது.

வந்தவன் பெயர் கிரேக். என் வயதிருக்கும். பணிவானவன். உள்ளே வந்ததும் தும்மினான், தொடர்ந்து நான்கு தரம். ஆறு வருட மிளகாய் பலகைக்குள் ஊறியிருக்கிறது.

"தூசி" என்றாள் டனியெலா.

சுவரைப் பார்த்தான், அளந்தான், படம் எடுத்தான். ரொப் பாட்டனின் கதையைச் சொன்னான். கிரேக் கவனமாகக் கேட்டான். பின்னர் படிவத்தைப் புரட்டி, "1961க்குப் பிறகு ஒருவரும் இல்லை?" என்றான்.

"இல்லை" என்றான் ரொப்.

கிரேக் என்னைப் பார்த்தான். என்னைக் கேட்டானா, சும்மா பார்த்தானா தெரியாது. நான் கடதாசியை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு தரம் வாசித்தான். "இவர்கள் இப்போது இங்கே இருக்கிறார்களா?"

"ஓம். நானும்."

ரொப்பைப் பார்த்தேன். நான் எதிர்பார்த்த முகம் அவனிடம் வரவில்லை. களைத்த முகம்தான் வந்தது. டனியெலா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முப்பத்தெட்டாம் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். கிரேக் தலையாட்டினான். "மிக நல்ல குறிப்பு. அதைக் கட்டாயம் சேர்ப்பேன்" என்றான். கடதாசியை மடித்துக் கோப்புக்குள் வைத்தான்.

மாலையில் நாங்கள் கட்டில்களைத் திரும்பக் கொண்டுவந்தோம். புழுதியைக் கூட்டினோம்.

"எப்பிடி?" என்றார் யோகண்ணை.

"பரவாயில்லை" என்றேன்.

செப்டெம்பர் 14, சனி

ரொப் என்னோடு பேசுவதில்லை. மற்றவர்களோடு வழக்கம்போலப் பேசுகிறான். அவர்களுக்குச் சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை. நானே சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம்.

நான்கு பெட்டி.

செப்டெம்பர் 17, செவ்வாய்

நகரசபைக் கடிதம். ரொப் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டுப் போனான். ஒரே தாள்.

முதல் பந்தி: இக்கட்டடம் 1926 முதல் 1961 வரையும் 2018 முதல் இன்றுவரையும் புலம்பெயர்ந்த தொழிலாளர் தங்குமிடமாகப் பயன்பட்டு வருவதால் உயர்ந்த மரபு மதிப்புடையது. அதன் கீழே நான்கு பெயர்கள். முப்பத்தெட்டாம் பக்கத்தையும் கிரேக் குறிப்பிட்டிருக்கிறான். சொன்ன சொல் தவறவில்லை.

இரண்டாம் பந்தி: இக்கட்டடம் மனிதர் படுத்துறங்கத் தகுதியற்றது. ஏழு நாட்களுக்குள் வசிப்பதை நிறுத்த வேண்டும்.

மற்றவர்களுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன். இரண்டாம் பந்தியை மட்டும்.

செப்டெம்பர் 21, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

வடக்கே ஒரு வத்தகப்பழத் தோட்டத்தில் வேலையும் படுக்கையும் இருப்பதாக றெஜியின் மச்சான் ஒருவன் சொல்லியிருக்கிறான். அவனுடைய வான் மத்தியானம் வருவதாக இருந்தது. சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். டனியெலா வந்தாள், ஒரு கேக்கோடு. மன்னிப்புக் கேட்டாள். அவள் கேட்கத் தேவையில்லை, ஆனாலும் கேட்டாள். பிறகு எல்லோர் முன்னாலும் என் தோளைத் தொட்டுச் சொன்னாள்.

"கஜீ அந்தப் படத்தை அனுப்பியிராவிட்டால் இந்தச் சுவர் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அவர் எழுதித் தந்த பக்கம் இல்லாவிட்டால் உங்கள் நான்கு பெயரும் போயிருக்கும். நான் 1961 என்று பொய் எழுதினேன். அவர்தான் உண்மையைக் கொடுத்தார்."

றெஜிக்கு இங்கிலிஷ் போதுமான அளவு விளங்கும். அவள் போகும்வரை பொறுத்திருந்தான்.

"படம் அனுப்பினது நீ."

"ஓம்."

"ரொப் எண்டு சொன்னனி."

"ஓம்."

"நகரசபைக்காரன்ட்ட நாங்கள் இருக்கிறமெண்டு சொன்னதும் நீ. ஒக்டோபர் வரைக்கும் எண்டு கையில இருந்ததைக் கெடுத்ததும் நீ."

"திருத்தித் தருவாங்கள் எண்டு நினைச்சன். வழிகாட்டியில அப்பிடித்தான் கிடக்கு. எங்களை வெளியில போடேலாது எண்டு…"

"எங்களைக் கேட்டனியா?" றெஜி கத்தவில்லை. "மச்சான், நீ படிச்சனி. எங்களுக்கு விளங்காது. விளங்காதவங்களை ஒருக்காக் கேட்டா குறைஞ்சா போயிடுவாய்?"

தவம் மெத்தையைச் சுருட்டிக்கொண்டே சொன்னான். "விடு. அவனுக்கு ஆரோ நல்ல கண் எண்டு சொல்லிப்போட்டாங்கள்."

என் கைபேசியை அவன் எப்போது பார்த்தானோ தெரியாது.

யோகண்ணை மட்டும் வேறு கேள்வி கேட்டார். "பேர் எழுதிக் குடுத்தனியா? என்ர பேரையும்?"

"ஓம், அண்ணை."

"முழுப் பேரோ?"

"ஓம்."

"ஊரும்?"

தலையாட்டினேன்.

கட்டிலின் சட்டத்தில் உட்கார்ந்தார். மெத்தை ஏற்கெனவே வெளியே போயிருந்தது. "அந்தத் தாளைத் திருப்பி வாங்கேலுமோ?"

"ஏலாது. கோப்பில போயிட்டுது."

"சரி" என்றார். தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். தோடை முள் கிழித்த கைகள். "உன்ர கோவம் எனக்கு விளங்குது, தம்பி. உந்த வயசில எனக்கும் இருந்தது. ஆனா கோவம் உன்ர. கூரை எங்கட எல்லாற்றையும்."

வான் வந்தது. சாமான் ஏற்றியபின் மூன்று பேர் இருக்க இடம் இருந்தது. அவர்கள் ஏறினார்கள். நான்காவது இடத்தை நான் கேட்கவில்லை.

செப்டெம்பர் 22, ஞாயிறு

சங்கத்தின் பின்னறையில் இருக்கிறேன். நவம்பர் வரை காவலாள் என்று டனியெலா குழுவிடம் சொல்லியிருக்கிறாள். பயணப் பெட்டிகளுக்கும் அக்கோர்டியனுக்கும் பக்கத்தில் ஒரு மடிப்புக் கட்டில். ஒழுகாது. சுடுதண்ணீர் உண்டு.

ஒக்டோபர் 13, ஞாயிறு

கொட்டிலுக்குள் வைக்கும் பலகையின் வாசகத்தை டனியெலா காட்டினாள். முதலில் ஏழு இத்தாலியப் பெயர்கள். பிறகு எங்கள் நான்கு.

"பெயர்களை எடுத்துவிடுங்கள்" என்றேன்.

"கஜீ, பெயர்தான் முக்கியம். இருபது வருடமாக நான் தேடுவதே பெயர்களைத்தான். எத்தனை படங்களின் பின்னால் ஒன்றும் எழுதாமல் கிடக்கிறது."

"எடுத்துவிடுங்கள்."

ஏன் என்று கேட்டாள். ஒரு பஸ்ஸைப் பற்றிச் சொல்லத் தொடங்கி நிறுத்தினேன். அது என்னுடைய கதை இல்லை. இந்தமுறை நினைவு வந்தது.

எடுத்துவிட்டாள்.

தவத்துக்கு மெசேஜ் போட்டேன். ஒரு சரிக்குறி மட்டும் விழுந்தது; போய்ச் சேரவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

றெஜியின் இலக்கமும் வேலை செய்யவில்லை. யோகண்ணையின் கைபேசியும் அவன் பெயரில்தான் இருந்தது, அதுவும் நின்றுவிட்டது.

நவம்பர் 10, ஞாயிறு

திறப்பு விழா. இருநூறு பேர் இருக்கும். பாதிரியார் தண்ணீர் தெளித்தார். பெரிய சட்டியில் பொலெந்தா என்ற சோளக் களி கிண்டினார்கள். ரொப் பேசினான். பாட்டனைப் பற்றிச் சொல்லும்போது நின்றுவிட்டான். ஆட்கள் கைதட்டி அவனைத் தாங்கினார்கள். முடிவில், "நம் கதை இத்தாலியரோடு முடியவில்லை" என்று சொல்லி என்னைக் கையால் காட்டினான். எனக்கும் கைதட்டினார்கள். அவன் அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொன்னான்.

கொட்டிலில் கூரை மாற்றியிருக்கிறார்கள். நல்ல கூரை. உள்ளே பதினொரு இரும்புக் கட்டில், பழைய போர்வைகள், சுவருக்கு முன்னால் கண்ணாடி. அடுப்பு இருந்த இடத்தில் பலகை. கடைசி வரி: 2018 முதல் 2024 வரை இலங்கைத் தமிழ்த் தொழிலாளர் நால்வர்.

வயதான ஒரு பெண் அந்த வரியை விரலால் தொட்டு வாசித்தாள். அவளுடைய தகப்பனும் இப்படி ஒரு கொட்டிலில் இருந்தவராம், வேறு ஊரில். அந்தக் கொட்டிலை இடித்துவிட்டார்களாம். என் சட்டையில் குத்தியிருந்த சங்கத்தின் அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இந்த நான்கு பேரும் இப்போது எங்கே இருக்கிறார்கள்?"

"ஒருவன் நான்" என்றேன்.

"ஓ" என்றாள். மகிழ்ச்சியாகத்தான். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மற்ற மூன்று பேர்?"

பின்னால் வரிசை நின்றது. எல்லோரும் உள்ளே வரக் காத்திருந்தார்கள்.

தெரியாது என்றேன். அது பொய் இல்லை.